மைக்ரோ கண்ட்ரோலர் ஐ.சி. கொள்முதல்: எண்ணின் வாலையும் படியுங்கள்



அரிசி, மளிகை, ஜவுளி, இரும்பு என்று எல்லா வியாபாரத்தைப் பற்றியும் கட்டுரை வருகிறது, எலக்ட்ரானிக் உதிரி விற்பவனுக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லையே என்று சங்கக் கூட்டத்தில் குறைபட்டுக் கொண்டேன். "அப்படியானால் நீங்களே எழுதுங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பூரணாங்குப்பத்தில் வீட்டை ஒட்டிய கிடங்கில் வைத்து மொத்த வியாபாரம் செய்கிறேன். ரேடியோ உதிரியில் ஆரம்பித்து, டி.வி. உதிரி, ஸ்டெபிலைசர் உதிரி என்று வந்து, இப்போது பாதி வியாபாரம் மைக்ரோ கண்ட்ரோலர் ஐ.சி.யில் நடக்கிறது. இதில் நான் கற்றதெல்லாம் நஷ்டப்பட்டுக் கற்றது. அந்த நஷ்டம் மற்றவர்களுக்கு வராமல் இருக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

மைக்ரோ கண்ட்ரோலர் என்பது ஒரே சிப்புக்குள் அடங்கிய சின்னக் கணினி. உங்கள் கடை மேசையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுக்குள் ஒன்று இருக்கிறது. இன்வெர்ட்டரில் இருக்கிறது, வாஷிங் மெஷினில் இருக்கிறது, போர் மோட்டாரைச் செல்போன் மூலம் ஓட்டும் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் இருக்கிறது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நீண்ட எண் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணின் முன்பகுதியை எல்லோரும் படிக்கிறோம். வால்பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறோம். சரக்கு திரும்பி வருவதெல்லாம் அந்த வாலினால்தான்.

வால் என்பது நமக்குப் புதிதல்ல. பேரிங் விற்பவரைக் கேளுங்கள். 6203 என்று மட்டும் சொன்னால் அவர் எடுத்துக் கொடுக்க மாட்டார். இசட்இசட்டா, 2ஆர்எஸ்ஸா என்பார். முன்னது இருபுறமும் தகடு மூடியது, பின்னது இருபுறமும் ரப்பர் மூடியது. அதன் பிறகு சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி கொஞ்சம் அதிகம். சூடேறும் மோட்டாருக்குப் போடுவது. சிமெண்ட் என்று மட்டும் சொல்லி எவராவது லோடு இறக்குகிறோமா? 43 கிரேடா, 53 கிரேடா என்று கேட்கிறோம். எங்கள் தொழிலிலேயே பிசி547 என்ற சின்ன டிரான்சிஸ்டருக்குப் பின்னால் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. மின்னோட்டத்தைப் பெருக்கும் திறன் ஏ வகைக்கு 110 முதல் 220 வரை, பி வகைக்கு 200 முதல் 450 வரை, சி வகைக்கு 420 முதல் 800 வரை. பழைய ரேடியோ மெக்கானிக் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அப்படியிருக்க, ஐம்பது மடங்கு சிக்கலான ஐ.சி.யை மட்டும் "மெகா எட்டு ஒரு ஐம்பது போடு" என்று போனில் சொல்லிவிடுகிறோம்.

நான் அப்படித்தான் சொன்னேன். 2009-ஆம் ஆண்டு. பாகூர் பக்கம் ஒரு பட்டறைக்காரர், போர் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிறுத்தும் பெட்டி செய்து விவசாயிகளுக்கு விற்று வந்தார். நல்ல வேலைக்காரர். அவருக்கு ஏடிமெகா8 ஐ.சி. ஐம்பது வேண்டும் என்றார். நான் சென்னையில் ஒரு மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு "மெகா எட்டு, நீளக் கால், ஐம்பது" என்றேன். மறுநாள் பஸ் பார்சலில் வந்துவிட்டது. விலையும் சற்று மலிவு. சந்தோஷமாக வாங்கி அவரிடம் கொடுத்தேன். அவரும் புரோகிராம் ஏற்றினார், ஓடியது, பெட்டிகளை மாட்டிவிட்டார்.

மே மாதம் வந்தது. அக்னி நட்சத்திரத்தில், வயலில் தகரப் பெட்டிக்குள் இருந்த ஐ.சி.க்கள் சில நின்று போயின. மூளை நின்றால் பெட்டி மோட்டாரை நிறுத்தாது. தண்ணீர் இறங்கிய இரண்டு போர்களில் மோட்டார் வெறுமனே ஓடிச் சுருள் கருகிவிட்டது. காயில் கட்டும் செலவை விவசாயிகள் பட்டறைக்காரரிடம் கேட்டார்கள், அவர் என்னிடம் கேட்டார். நான் சென்னைக்குப் போன் செய்தேன்.

அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "நீங்கள் கேட்டது மெகா எட்டு. நான் அனுப்பியதும் மெகா எட்டு. சலானை எடுத்துப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். "மைக்ரோ கண்ட்ரோலர் ஐ.சி. 50" என்று மட்டும் இருந்தது. ஐ.சி.யின் முதுகைப் பார்த்தேன். ஏடிமெகா8எல், அதன் பின் 8பியு என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. எவரும் என்னை ஏமாற்றவில்லை. கண்ணெதிரே இருந்ததை நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். ஏடிமெகா8-16பியு என்பது 16 மெகா ஹெர்ட்ஸ் வேகத்துக்கு உத்தரவாதம் உள்ள ஐ.சி. ஏடிமெகா8எல்-8பியு என்பது பேட்டரியில் குறைந்த வோல்ட்டில் ஓடுவதற்காகச் செய்தது, 2.7 வோல்ட்டிலேயே ஓடும், ஆனால் வேகம் 8 மெகா ஹெர்ட்ஸ் வரைதான். பட்டறைக்காரரின் போர்டில் இருந்ததோ 16 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் மேசை மேல், மின்விசிறிக் காற்றில், ஓடத்தான் செய்யும். சூடு ஏறும்போதுதான் குணம் காட்டும். ஐம்பதில் எத்தனை நிற்கும், எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முழுவதையும் திரும்ப வாங்கிக் கொண்டேன். மோட்டார் செலவில் பாதியையும் ஏற்றுக் கொண்டேன். அந்த வருட லாபத்தில் பெரிய துண்டு போயிற்று.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கம்பெனிகள் வெளியிடும் தகவல் ஏட்டின் கடைசிப் பக்கங்களில், எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று ஒரு பட்டியல் இருக்கும். முன்னூறு பக்க ஏட்டில் வியாபாரிக்கு வேண்டியது அந்த இரண்டு பக்கம்தான். நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது.

எழுத்தைப் பற்றி ஒரு முன்னறிவிப்பு. இதழில் எல்லாம் தமிழிலேயே அச்சிடுவதால், பேப்பருக்கு வரும் பி-யும் பாம்பேக்கு வரும் பி-யும் ஒன்றுபோல் தெரியும். மைக்ரோ கண்ட்ரோலர் எண்களில் நான் தனியாகச் சொல்லாத இடத்திலெல்லாம் பேப்பர் பி என்று கொள்ளுங்கள். டி என்று வருவதும் அப்படியே டேபிள் டி. இந்தக் குழப்பம் காகிதத்தோடு நிற்பதில்லை, போனிலும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு முழு எண்ணைப் பிரிப்போம்

நம் ஊர்ப் பட்டறைகளிலும் பொறியியல் கல்லூரி மாணவர்களிடமும் அதிகம் புழங்கிய ஒரு எண்: ஏடி89எஸ்52-24பியு.

ஏடி என்பது அட்மெல் கம்பெனி. (அட்மெலை 2016-இல் மைக்ரோசிப் கம்பெனி வாங்கிவிட்டது. ஆனாலும் ஐ.சி.யின் எண்ணை மாற்றவில்லை.) 89 என்பது, இன்டெல் கம்பெனி 1980-இல் கொண்டுவந்த 8051 வழியில், அழித்து அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகம் வைத்த குடும்பம். எஸ் என்றால் போர்டில் இருந்தபடியே புரோகிராம் ஏற்றலாம். அந்த இடத்தில் சி இருந்தால், அதாவது ஏடி89சி52 என்றால், போர்டில் இருந்து கழற்றி, தனிப் புரோகிராமர் கருவியில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். 52 என்றால் புரோகிராமுக்கு 8 கிலோபைட் இடம். 51 என்றால் 4. இதுவரை தலை.

கோட்டுக்குப் பிறகு வருவது வால். 24 என்பது மெகா ஹெர்ட்ஸ் வேகம். பி என்பது உடலமைப்பு. நீளக் கால் வைத்து இரு வரிசையாக, சாக்கெட்டில் செருகும் 40 கால் வகை. யு என்பது கடைசி எழுத்து. இரண்டு செய்தி சொல்கிறது. ஒன்று, சுழியத்துக்குக் கீழ் 40 டிகிரியிலிருந்து 85 டிகிரி வரை தாங்கும் தொழிற்சாலைத் தரம். இரண்டு, காலில் பூசிய பூச்சில் ஈயம் இல்லை.

பழைய சரக்கில் யு இருக்காது. சி அல்லது ஐ இருக்கும். சி என்றால் வணிகத் தரம், 0 முதல் 70 டிகிரி வரைதான். ஐ என்றால் தொழிற்சாலைத் தரம், ஆனால் ஈயம் கலந்த பூச்சு. ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை 1 முதல் எலக்ட்ரானிக் பொருளில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தன. அதையொட்டி யு வந்தது. உள்ளூர் ரிப்பேர்க்காரருக்கு ஐ-யும் யு-வும் ஒன்றே. ஆனால் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து ஏற்றுமதிக்குப் போர்டு செய்பவர் கேட்டால் ஐ போட்ட பழைய இருப்பைத் தள்ளிவிடாதீர்கள். அவர் கன்டெய்னரே திரும்பி வரலாம்.

பெரிய எண் நல்ல எண் அல்ல

நம் ஆட்களுக்கு 24-ஐ விட 33 உயர்ந்தது என்று ஒரு எண்ணம். ஏடி89எஸ்52-33பிசி என்று ஒரு வகை வந்தது. வேகம் 33. ஆனால் கடைசி எழுத்தைப் பாருங்கள், சி. 70 டிகிரிக்கு மேல் கம்பெனி பொறுப்பேற்காது. வோல்ட்டும் 4.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. 24 வகை 4 வோல்ட் வரை தாங்கும். மேல் வெயிலில் நிற்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு 33-ஐக் கொடுத்தால், விலை கூடிய சரக்கைக் கொடுத்து வாடிக்கையாளரைக் கெடுத்ததாகும். கடைக்குள் ஏ.சி.யில் இருக்கும் டிஸ்பிளே போர்டுக்கு அதுவே போதும்.

வேக எண் சில புது ஐ.சி.க்களில் வருவதே இல்லை. ஏடிமெகா8-க்கும் 8எல்-க்கும் பதிலாகப் பின்னர் ஏடிமெகா8ஏ வந்தது. அதன் எண் ஏடிமெகா8ஏ-பியு, அவ்வளவுதான். 2.7 வோல்ட்டிலிருந்து 5.5 வோல்ட் வரை 16 மெகா ஹெர்ட்ஸ் ஓடும். நான் பட்ட பாட்டுக்கு இது முன்பே வந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். ஆனால் பழைய 8எல் இருப்பு இன்றும் சந்தையில் சுற்றுகிறது. 16, 16எல், 32, 32எல் என்று மற்ற எண்களிலும் இதே கதைதான். எல் என்ற ஓர் எழுத்தைக் கண்டால் நின்று படியுங்கள்.

உடலமைப்பு

மாணவர்களால் திரும்பி வரும் சரக்கில் பெரும்பகுதி இந்த ஓர் எழுத்தால். பி என்றால் கால்கள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். கையால் செருகலாம், கையால் பற்றவைக்கலாம். ஏ என்றால் நாலு பக்கமும் மெல்லிய கால் வைத்த தட்டை வகை, இடைவெளி 0.8 மில்லிமீட்டர், போர்டின் மேலேயே ஒட்டிப் பற்றவைப்பது. ஜே என்றால் சதுரமாக, கால் உள்ளே மடங்கியிருக்கும், அதற்கென்று தனிச் சாக்கெட் உண்டு. எம் என்றால் வெளியே காலே கிடையாது, அடியில் பட்டை மட்டும். எம் வகையைச் சாதாரண இரும்பால் பற்றவைக்க முடியாது; சூடான காற்று ஊதும் கருவி வேண்டும்.

ஆகவே 24பியு, 24ஏயு, 24ஜேயு மூன்றும் உள்ளே ஒரே சிப்புதான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. பிப்ரவரி, மார்ச்சில் கல்லூரி புராஜெக்ட் காலத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஒரு பையன் வந்து, திங்கட்கிழமை ரிவியூ என்று ஏயு வகையைக் கையில் வைத்துக் கொண்டு விழிப்பான். நாம் மாற்றிக் கொடுத்தாலும் அவனுடைய இரண்டு நாள் போனது போனதுதான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஏடிமெகா8ஏ-ஏயு என்ற எண்ணில் ஏ இரண்டு முறை வருகிறது. கோட்டுக்கு முன்னால் உள்ள ஏ புதுப் பதிப்பு என்பதற்கு. பின்னால் உள்ள ஏ தட்டை உடலுக்கு. "ஏ போட்டது வேண்டும்" என்று வாடிக்கையாளர் சொன்னால் எந்த ஏ என்று கேளுங்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி இலக்கணம் வேறு

அட்மெல் குறியை மனப்பாடம் செய்துவிட்டு மற்றக் கம்பெனியைப் படித்தால் தப்பாகும். மைக்ரோசிப்பின் பிக் வரிசையைப் பாருங்கள்: பிக்16எஃப்877ஏ-ஐ/பி. இங்கே வெப்பத் தரம் முன்னால், சாய்கோட்டுக்குப் பிறகு உடலமைப்பு. ஐ என்பது 85 டிகிரி, இ என்பது 125 டிகிரி. பி என்பது நீளக் கால், எஸ்பி என்பது 28 கால் கொண்ட ஒல்லி உடல், எல் என்பது சதுரச் சாக்கெட் வகை, பிடி என்பது தட்டை. அங்கே ஜே, இங்கே எல். அங்கே ஏ, இங்கே பிடி. நடுவில் எஃப்-க்கு முன் எல் சேர்ந்து எல்எஃப் என்றிருந்தால் அது குறைந்த வோல்ட் வகை. ஆக எல் என்ற ஒரே எழுத்து, நடுவில் வந்தால் வோல்ட்டையும், கடைசியில் வந்தால் உடலையும் குறிக்கிறது.

பழைய பிக்16எஃப்877-20/பி என்பதில் ஐ-யோ இ-யோ இல்லை. இல்லை என்பதற்கும் பொருள் உண்டு: வணிகத் தரம், 0 முதல் 70. அதிலேயே -04 என்று இருந்தால் 4 மெகா ஹெர்ட்ஸ்தான். இன்னொன்று, பிக் வரிசையில் எஃப் இருக்க வேண்டிய இடத்தில் சி இருந்தால், பிக்16சி54 போல, பிளாஸ்டிக் உடலில் அது ஒரே முறை எழுதும் வகை. தவறாக எழுதினால் குப்பைக்கு. அட்மெல் 89சி-யில் உள்ள சி-யோ அழித்து எழுதலாம். இரண்டையும் ஒரே டப்பாவில் "சி வகை" என்று எழுதி வைத்திருந்த கடை ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிலிப்ஸ் (2006 முதல் என்.எக்ஸ்.பி.) கம்பெனியின் பி89வி51ஆர்டி2 என்ற ஐ.சி. நம் கல்லூரிகளில் ஒரு காலத்தில் அரிசி பருப்புபோல விற்றது. எஃப்என் என்று முடிந்தால் 85 டிகிரி, நீளக் கால். எஃப்ஏ என்று முடிந்தால் சதுரச் சாக்கெட். எஃப் இருக்கும் இடத்தில் பாம்பே பி இருந்தால் 70 டிகிரிதான். இங்கே என் என்றால் நீளக் கால். அட்மெலிலோ ஏடிமெகா328பி-பிஎன் என்றால் கடைசி என் 105 டிகிரியைக் குறிக்கும். பழைய இன்டெல் ஐ.சி.யில் உடலமைப்பு எழுத்து வாலிலேயே இல்லை, தலையில் இருந்தது. முன்னால் பி வந்தால் பிளாஸ்டிக் நீளக் கால், என் வந்தால் சதுரம்.

இப்போது அதிகம் விலைபோவது எஸ்டிஎம்32எஃப்103சி8டி6. இதன் வாலில் ஒவ்வொரு எழுத்தும் காசு. சி என்றால் 48 கால். ஆர் என்றால் 64. வி என்றால் 100. அடுத்த 8 என்பது 64 கிலோபைட். அந்த இடத்தில் பாம்பே பி இருந்தால் 128. டி என்பது தட்டை உடல். கடைசி 6 என்றால் 85 டிகிரி, 7 என்றால் 105. சீனாவின் ஜிகாடிவைஸ் கம்பெனி இதே வாலோடு, தலையில் ஜிடி32 என்று போட்டுத் தன் பெயரிலேயே விற்கிறது. அது போலி அல்ல, வேறு கம்பெனிச் சரக்கு. பெரும்பாலும் அந்த இடத்தில் உட்காரும், ஆனால் எல்லாப் புரோகிராமும் மாற்றமில்லாமல் ஓடும் என்று சொல்ல முடியாது. வால் ஒன்றாக இருக்கிறதே என்று கேட்காமல் மாற்றிக் கொடுப்பது கூடாது.

328, 328பி, 328பிபி

ஆர்டுயினோ யூனோ என்ற போர்டு இன்று பள்ளிப் பிள்ளைகள் கையிலும் இருக்கிறது. அதில் உட்காருவது ஏடிமெகா328பி-பியு. பி இல்லாத ஏடிமெகா328-பியு என்று இன்னொன்றும் உண்டு. கால், வேகம், நினைவகம் எல்லாம் ஒன்று. பி போட்டது மின்சாரத்தை இன்னும் சிக்கனமாகச் செலவழிக்கும். இவ்வளவுதானே என்று இரண்டையும் என் கடைப் பையன் ஒரே இழுப்பறையில் கொட்டிவிட்டான். வாரத்திலேயே ஏழெட்டு திரும்பி வந்தது. காரணம், ஒவ்வொரு சிப்புக்குள்ளும் கம்பெனி பதித்த ஓர் அடையாள எண் இருக்கிறது. 328-க்கு அது 14 என்று முடியும். 328பி-க்கு 0எஃப் என்று முடியும். 328பி என்று எதிர்பார்க்கும் புரோகிராமர் கருவி இதைப் பார்த்ததும் "அடையாளம் பொருந்தவில்லை" என்று மறுத்துவிடும். விவரம் தெரிந்தவர் அமைப்பை மாற்றிச் சரிசெய்து கொள்வார். தெரியாதவர் ஐ.சி. செத்தது என்று கொண்டு வந்து போடுவார். செத்ததாக எண்ணி நானே சிலதை எறிந்திருக்கிறேன்.

மூன்றாவது ஏடிமெகா328பிபி, முதலாவது பேப்பர் பி, இரண்டாவது பாம்பே பி. இது நீளக் காலில் வருவதே இல்லை. தட்டை உடலில் 328பி இருந்த போர்டில் வைத்தால், முன்பு மின்சாரத்துக்கும் தரைக்கும் இருந்த இரண்டு கால்கள் (6, 3) இதில் வேறு வேலைக்குப் போய்விட்டன. அடையாள எண்ணும் வேறு. போனில் "முன்னூத்து இருபத்தெட்டு பி" என்று ஒருவர் சொல்லி, மறுமுனையில் "பி... பியா?" என்று கேட்டு, "ஆமாம் பி" என்று சொல்லி முடித்தால் என்ன வந்து சேரும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

எதை மாற்றிக் கொடுக்கலாம்?

கேட்டது இல்லாதபோது இருப்பதைக் கொடுப்பது வியாபாரத்தில் சகஜம். அதற்கும் வால் வழி சொல்கிறது. சி கேட்டால் யு கொடுக்கலாம். யு கேட்டால் சி கொடுக்கக் கூடாது. ஐ/பி கேட்டால் இ/பி கொடுக்கலாம், விலை மட்டும் பேசிக் கொள்ளவும். 04 கேட்டால் 20 கொடுக்கலாம், வோல்ட் வரம்பைப் பார்த்துவிட்டு. உடலமைப்பு எழுத்தில் மட்டும் கை வைக்கவே முடியாது.

சில எழுத்து வெறும் மூட்டைக் கணக்கு. ஏடிமெகா328பி-ஏயுஆர் என்பதில் உள்ள ஆர், ரீலில் சுற்றி வருகிறது என்று மட்டும் சொல்கிறது. பிக்16எஃப்877ஏடி-ஐ/பிடி என்பதில் ஏ-க்குப் பின் வரும் டி-யும் அதுவே. எஸ்டிஎம் வரிசையில் கடைசியில் டிஆர் என்று வரும். ரீல் வெட்டி நூறு எண்ணிக் கொடுத்தால் சிப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. இந்த எழுத்துக்காகக் கூடுதல் விலை சொல்பவரிடம் பேரம் பேசலாம். ஆனால் மெஷினில் ரீலை மாட்டிப் போர்டு செய்யும் ஆலைக்கு அது முக்கியம். தட்டில் வந்த சரக்கை அனுப்பினால் அவர்கள் வேலை நிற்கும்.

நம்முடையது கடற்கரை ஊர். சுண்ணாம்பாற்றுக் காற்று கிடங்குக்குள் வராமல் இராது. தட்டை வகை ஐ.சி.க்கள் ஈரம் புகாத உறையில் வருகின்றன. உறை மேல் ஈரத் தரம் 3 என்றிருந்தால், 30 டிகிரிக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் உட்பட்ட இடத்தில், பிரித்த 168 மணி நேரத்துக்குள் பற்றவைக்க வேண்டும். அதற்கு மேலானால் ஈரத்தை வாட்டி எடுக்காமல் ஆலை மெஷினில் வைக்கக் கூடாது. சூட்டில் உடல் வெடிக்கும். எண்ணிப் பார்க்கிறேன் என்று உறையைப் பிரிக்காதீர்கள்.

வால் சொல்லாததும் உண்டு. யூனோவுக்கு ஐ.சி. வாங்க வருபவர் பெரும்பாலும் பூட்லோடர் என்ற தொடக்கப் புரோகிராம் ஏற்றியதைத்தான் எதிர்பார்க்கிறார். கம்பெனியிலிருந்து வருவது வெறும் சிப்பு. இரண்டின் முதுகிலும் ஒரே எண்தான். ஆகவே ஏற்றியதற்குத் தனி டப்பா, தனி விலை. அதேபோல முதுகில் நாலு இலக்கத்தில் ஓர் எண் இருக்கும், 1835 என்பது போல. அது 2018-ஆம் ஆண்டு 35-ஆவது வாரம் செய்தது என்பதற்கு. ஒரு வாடிக்கையாளர் இதையே ஐ.சி. எண் என்று நினைத்து "1835 இருக்கிறதா" என்று ஊரெல்லாம் கேட்டுவிட்டு வந்தார்.

போலியும் வாலில்தான் நடக்கிறது. முதுகைத் தேய்த்துவிட்டு, சி இருந்த இடத்தில் ஐ என்றும், 04 இருந்த இடத்தில் 20 என்றும் அச்சடித்து விற்பார்கள். 2021, 2022-இல் உலகமெங்கும் சிப்புத் தட்டுப்பாடு வந்தபோது நாமெல்லாம் கிடைத்ததை வாங்கினோம். அப்போது இது மிகுதியாயிற்று. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் மட்டமான அச்சு கலையும். ஒரே டியூபில் இருக்கும் ஐ.சி.க்களின் வார எண் பலவாறாக இருந்தாலும், ஓரத்திலுள்ள வட்டக்குழி பாதி மூடியிருந்தாலும் சந்தேகப்படலாம். அடையாள எண்ணைப் படித்துப் பார்த்தால் வேறு சிப்பா என்று தெரியும். ஆனால் சி-யை ஐ ஆக்கியது அதில் தெரியாது. அதற்கு நம்பிக்கையான இடத்தில் வாங்குவது ஒன்றே வழி.

ஆர்டரும் பில்லும்

இப்போது என் நடைமுறையைச் சொல்கிறேன். போனில் விலை மட்டும் பேசுவேன். எண்ணை வாட்ஸ்அப்பில் முழுதாக எழுதி அனுப்புவேன். வாடிக்கையாளர் கேட்டால் அவர் போர்டிலிருக்கும் பழைய ஐ.சி.யை முதுகு தெரியப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். எண் பெரும்பாலும் இரண்டு வரியில் இருக்கும். வால் இரண்டாம் வரியில் இருக்கும். பையன்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள், அதனால் இரண்டு வரியையும் வாசிக்கச் சொல்வேன். போனில் சொல்லியே தீரவேண்டுமானால் பேப்பர் பி, பாம்பே பி, டேபிள் டி, டெல்லி டி என்று சொல்ல வேண்டும். வெட்கப்பட வேண்டியதில்லை.

கொட்டேஷனிலும், சலானிலும், பில்லிலும் முழு எண் வர வேண்டும். ஜி.எஸ்.டி. பில்லில் 8542 என்று இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது எல்லா ஐ.சி.க்கும் பொதுவான எண். 8எல்-க்கும் அதுவே, 8ஏ-க்கும் அதுவே. தகராறு வந்தால் அது உங்களைக் காப்பாற்றாது. கம்ப்யூட்டரில் இருப்புப் பட்டியல் வைத்திருப்பவர்கள் கோட்டுக்குப் பின்னுள்ளதையும் சேர்த்துத் தனித்தனிச் சரக்காக ஏற்றுங்கள். என் கிடங்கில் ஏடிமெகா8 என்று முன்பு ஒரு இழுப்பறை இருந்தது. இப்போது ஐந்து இருக்கிறது.

பாகூர்ப் பட்டறைக்காரர் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு வருடம் என் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தார். வந்தவர் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ஏடிமெகா8ஏ-பியு, எண்ணிக்கை 20, 16 மெகா கிரிஸ்டலில் ஓடவேண்டும், வெயிலில் நிற்கும் பெட்டிக்கு என்று எழுதியிருந்தார். டியூபைப் பிரித்து இருபதையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, இரண்டு வரியையும் அவர் முன்னாலேயே வாசித்துக் கொடுத்தேன். இன்றும் அவர் சீட்டு அப்படித்தான் வருகிறது, நானும் அப்படித்தான் வாசித்துக் கொடுக்கிறேன்.